சதுர அடி விலையைக் கடைசியில் பேசுங்கள்

கோவை அருகே சூலூரில் ஒரு நூற்பாலையின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பஞ்சு வாங்குவதுதான் எங்கள் வேலை. எடுத்த எடுப்பில் "கண்டி என்ன விலை?" என்று கேட்கிறவரை எங்கள் மேலாளர் அந்த மேசையில் உட்கார விடமாட்டார். இழை நீளம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, தூசு எவ்வளவு, எடை போடுவது அவர்கள் கிடங்கிலா எங்கள் மில் வாசலிலா, லாரி வாடகை யார் தலையில் என்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான் விலைக்கு வருவோம். அதற்கு முன் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிக்கு அவர்கள் சொல்லும் எந்த எண்ணும் எங்கள் நோட்டில் ஏறாது.

இவ்வளவு பழகியிருந்தும், 2013இல் பல்லடம் பக்கம் எங்கள் முதல் வீட்டைக் கட்ட ஒப்பந்ததாரர் முன் உட்கார்ந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். 1,450 ரூபாய் என்றார். அரை மணி நேரம் பேசி 1,400 ஆக்கினேன். 1,200 சதுர அடிக்கு 60,000 ரூபாய் மிச்சம் என்று நிம்மதியாக வீடு திரும்பினேன். கட்டி முடித்தபோது கூடுதலாகக் கொடுத்தது 3,85,000 ரூபாய். கடைக்கால் (அஸ்திவாரம்) ஆழம் கூடியதற்கு, பேஸ்மட்டம் (தரைமட்டத்துக்கு மேலே வீட்டின் அடிப்பகுதி) உயர்த்தியதற்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, செப்டிக் டேங்குக்கு, மாடிப்படித் தலையறைக்கு, கைப்பிடிச் சுவருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சீட்டு வந்தது. செய்யாத வேலைக்கு அவர் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. எங்கள் ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம்தான். அந்த வேலைகளில் ஒன்றும் அதில் இல்லை.

2022இல் மகளுக்காகச் சூலூரில் 1,350 சதுர அடியில் இன்னொரு வீடு கட்டினோம். இம்முறை ஒப்பந்தம் பதினான்கு பக்கம். விலை 2,100 ரூபாய், வரி உட்பட. முடிவில் கூடுதலாகக் கொடுத்தது 42,000; அதுவும் நாங்களே கேட்டுச் செய்த வேலைக்கு. இரண்டாவது முறை என்ன செய்தேன் என்பதை, வீடு கட்டப் போகிற நம் பக்கத்து மக்களுக்காக எழுதுகிறேன்.

பேசப் போகும் முன்

முதலில் மண்ணைப் பாருங்கள். நம் ஊர்ப்பக்கம் ஒரே தெருவில் ஒரு மனையில் இரண்டடியில் சுக்கான் பாறை தட்டும், அடுத்த மனையில் ஏழடி வரை கரிசல் இறங்கும். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் சாதாரணக் கடைக்கால் போட்டால் சுவர் சும்மா இருக்காது. எங்கள் பல்லடம் மனையில் ஒப்பந்ததாரர் ஐந்தடி ஆழம் என்று கணக்குப் போட்டிருந்தார். ஏழடிக்குப் போக வேண்டி வந்தது. அந்த இரண்டடிதான் முதல் சீட்டு. இரண்டாவது முறை விலை கேட்பதற்கு முன்பே மனையில் இரண்டு இடத்தில் குழி எடுத்துப் பார்த்தோம். மண் பரிசோதனை அறிக்கையையும் வாங்கிவிட்டோம். கோவை, பெருந்துறைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கட்டடப் பொறியியல் துறை உள்ள இடங்களில் விசாரித்தால் யாரிடம் செய்வது என்று சொல்வார்கள்.

அடுத்தது வரைபடம். அறைகள் எங்கே என்று காட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு விலை பேசாதீர்கள். கம்பி எத்தனை, என்ன விட்டம், எத்தனை இடைவெளி என்று காட்டும் கட்டமைப்பு வரைபடம் தனி. அதை ஒப்பந்ததாரருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரிடம் கட்டணம் கொடுத்து வாங்குங்கள். "முப்பது வருட அனுபவம், கம்பி எவ்வளவு போடுவது என்று எங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். தெரியும்தான். ஆனால் வரைபடம் இல்லாவிட்டால் அவர் போட்டது சரியா என்று நீங்கள் எதை வைத்துப் பார்ப்பீர்கள்? வாஸ்து பார்க்கிறவர்கள் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். சுவர் லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டம், வந்த பிறகு பெரியப்பா சொன்னார் என்று சமையலறை வாசலை இடித்து மாற்றிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தச் செலவு முழுவதும் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

மூன்றாவது, அந்த நிறுவனம் கட்டிக்கொண்டிருக்கும் இடங்களுக்குச் சொல்லாமல் போங்கள். காலை பதினோரு மணிக்குப் போனால் போதும். சிமெண்ட் மூட்டை தரையோடு கிடக்கிறதா, பலகை மேல் அடுக்கியிருக்கிறதா, நேற்றுக் கட்டிய சுவர் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அவர்கள் ஏற்கெனவே கட்டிக் கொடுத்த வீட்டுக்காரரிடம், "நல்லபடியாகக் கட்டினாரா?" என்று கேட்காதீர்கள். குடிபோன வீட்டை யாரும் குறை சொல்ல விரும்புவதில்லை. "கணக்கு முடிக்கும்போது பேசியதைவிட எவ்வளவு அதிகம் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். நான் கேட்ட ஐந்து வீடுகளில் மூன்றில், இந்தக் கேள்விக்குப் பிறகுதான் உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார்கள்.

பேசுவதற்கு ஏற்ற மாதம் ஆடி. ஆடியில் யாரும் பூமி பூஜை போடுவதில்லை என்பதால் ஒப்பந்ததாரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், அடுத்த வேலையைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும். நாங்கள் ஆடி முழுவதும் பேசினோம். ஆவணியில் பூஜை போட்டு, ஐப்பசி மழைக்கு முன் பேஸ்மட்டத்தை முடித்துவிட்டோம்.

எதை அளக்கிறோம்?

சதுர அடி என்றால் எந்தச் சதுர அடி? இதைக் கேட்காமல் எவ்வளவு பேரம் பேசினாலும் பயனில்லை. சுவரின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரை அளப்பது வழக்கம், அது நியாயமும்கூட. போர்டிகோவுக்கு முழு விலையா, பாதி விலையா? பால்கனிக்கு? மாடிப்படியை ஒரு தளத்தில் மட்டும் கணக்கிடுவீர்களா, இரண்டு தளத்திலும் சேர்ப்பீர்களா? தலையறைக்கு எப்படி? எங்களுக்குப் பேச வந்த மூன்று நிறுவனங்களும் ஒரே வரைபடத்துக்கு மூன்று பரப்பளவு சொன்னார்கள்: 1,350, 1,412, 1,465. குறைந்த விலை சொன்னவர் அதிகப் பரப்பு சொன்னார். ஆகவே பரப்பளவை நீங்களே அளந்து, வரைபடத்தில் எழுதி, எல்லோருக்கும் அதே எண்ணைக் கொடுத்து விலை கேளுங்கள்.

அதோடு சதுர அடிக்குள் வராதவற்றைத் தனித்தனி விலையாக எழுதி வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு லிட்டருக்கு இவ்வளவு, சுற்றுச்சுவருக்கு ஓடும் அடிக்கு இவ்வளவு, கடைக்கால் ஆழம் கூடினால் அடிக்கு இவ்வளவு, பேஸ்மட்டம் மூன்றடிக்கு மேல் உயர்ந்தால் அடிக்கு இவ்வளவு, மின்சாரப் புள்ளி ஒன்று கூடினால் இவ்வளவு. வேலை தொடங்கும் முன் இந்த விலைகளைக் கேட்டால் நியாயமாகச் சொல்வார்கள், ஏனென்றால் வேலை அவர் கைக்கு இன்னும் வரவில்லை. பாதிச் சுவர் எழும்பிய பிறகு கேட்டால் நீங்கள் வேறு இடம் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கூடவே இந்த ஒரு வாக்கியத்தைச் சேருங்கள்: "ஒப்பந்தத்தில் சொல்லாத எந்த வேலையும், தொகையைக் குறிப்பிட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்த பிறகே தொடங்கப்படும், சம்மதம் இன்றிச் செய்த வேலைக்குத் தொகை கோர இயலாது." வாட்ஸ்அப்பில் அனுப்பும் சம்மதமும் போதும் என்று எழுதிக்கொண்டோம். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எத்தனை சீட்டுகளை மிச்சப்படுத்தியது என்று சொல்லி முடியாது.

பொருட்களின் பட்டியல்

"தரமான சிமெண்ட், தரமான கம்பி" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிராண்டின் பெயர், வகை, அளவு மூன்றும் வேண்டும். சில பட்டியல்களில் பிராண்டின் பெயரை எழுதிவிட்டு, பின்னாலேயே "அல்லது அதற்கு இணையானது" என்று சேர்த்திருப்பார்கள். முன்னால் எழுதிய எல்லாவற்றையும் அந்த மூன்று சொற்கள் அழித்துவிடும். நான் ஒவ்வொரு இடத்திலும் அதற்குப் பின்னால் "உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்துடன்" என்று கையால் எழுதி, இருவரும் சுருக்கொப்பம் போட்டோம். பதினொரு இடங்களில்.

கம்பிக்கு டி.எம்.டி. (வெப்ப முறையில் வலுவூட்டிய கம்பி) என்ற வகை, அதன் தரம், நிறுவனம் மூன்றையும் எழுதுங்கள். எடையை நீங்களே சரிபார்க்க எளிய வழி உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மீட்டர் நீளக் கம்பி 8 மி.மீ. என்றால் ஏறத்தாழ 4.74 கிலோ, 12 மி.மீ. என்றால் 10.67 கிலோ, 16 மி.மீ. என்றால் 18.96 கிலோ. கொஞ்சம் கூடக்குறைய இருப்பது இயல்பு. வெகுவாகக் குறைந்தால் கேள்வி கேளுங்கள். "வரும் ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடைச் சீட்டு உரிமையாளரிடம் தரப்படும்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை.

கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம் 20 என்ற வலிமைத் தரம் என்று எழுதுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை அதற்குக் கீழே அனுமதிப்பதில்லை. கூரை போடும் அன்று கனசதுர மாதிரிகள் எடுத்து, 28ஆம் நாள் வலிமைச் சோதனை செய்ய வேண்டும், செலவு யாருடையது என்பதையும் சேருங்கள். முட்டுப் பலகை பிரிக்கும் நாளும் எழுத்தில் வேண்டும். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு ஓடுவதால், அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் அவசரம் அவர்களுக்கு எப்போதும் இருக்கும். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள கூரைப் பலகத்தின் முட்டுகளுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் என்கிறது அதே தரநிலை. தண்ணீர் விட்டு ஆற்றுவது சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாள், குறைந்தபட்சமாக. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அடிக்கும் காற்றில், காலையில் விட்ட தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் கூரை வந்தால் சாக்கு விரித்தோ பாத்தி கட்டியோ தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று எழுதுங்கள். ஆற்றுகிற ஆள் அவர் ஆளா உங்கள் ஆளா என்பதும் எழுத்தில் வேண்டும்; இல்லாவிட்டால் யாரும் விடமாட்டார்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. திருப்பூர், நொய்யல் கரையோரம் வீடு கட்டுகிறவர்கள் தங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். சாயக்கழிவு இறங்கிய நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மீறினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், அது வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தண்ணீர் தேறவில்லை என்றால் லாரித் தண்ணீர்தான். அந்தச் செலவு யாருடையது? தற்காலிக மின் இணைப்பின் கட்டணம் யாருடையது? இந்த இரண்டும் ஒரு வீட்டில் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய தொகை.

செங்கல்லுக்கு இடத்தையும் வகையையும் கேளுங்கள். கோவை அருகே தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்ட பிறகு எங்கிருந்தோ வருகிற கல்லையும் "சேம்பர் கல்" என்ற பழைய பெயரிலேயே இறக்குகிறார்கள். மாதிரிக் கல் இரண்டை வாங்கி, ஒப்பந்தத்தோடு வைத்துக்கொண்டேன். டைல்ஸ், குழாய், சுவிட்சு ஆகியவற்றுக்கு "சதுர அடிக்கு 55 ரூபாய் டைல்ஸ்" என்பது போலத் தொகை எழுதுவார்கள். அது வரியும் வண்டி வாடகையும் சேர்த்த விலையா என்பதை மட்டும் தெளிவாக்குங்கள்.

பணம் போகும் வரிசை

என்னைக் கேட்டால் பேச்சுவார்த்தையின் பாதி இங்கேதான் இருக்கிறது. முதல் வீட்டில் அவர் கொடுத்த அட்டவணை இப்படி இருந்தது: கையெழுத்தின்போது 20 சதவீதம், கடைக்கால் தொடங்கும்போது 20, சுவர் தொடங்கும்போது 15, கூரை தொடங்கும்போது 20. கூரைக்குப் பலகை அடிக்கும் நாளில் நூற்றுக்கு 75 ரூபாய் அவர் கையில் இருந்தது. பூச்சு, தரை, கதவு, வண்ணம், மின்சாரம் எல்லாம் பாக்கி. கூரை முடிந்ததும் இரண்டு மாதம் ஆட்களே வரவில்லை. நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அவர் மரியாதையாகத்தான் பேசினார். கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை, கொடுக்க வேண்டிய பணம் என்னிடம் அவ்வளவு குறைவாக இருந்தது.

இரண்டாவது முறை ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று நாள் பேசினேன். "தொடங்கும்போது" என்பதை எல்லாம் "முடிந்த பின்" என்று மாற்றினேன். ஒப்பந்தத் தொகை 28,35,000. கையெழுத்தின்போது 5 சதவீதம், அதாவது 1,41,750. பேஸ்மட்டத்தில் போடும் பிளிந்த் பீம் முடிந்த பின் 15. லிண்டல் முடிந்த பின் 15. கூரை கான்கிரீட் போட்ட பின் 20. உள்பூச்சு வெளிப்பூச்சு முடிந்த பின் 15. மின்சாரம், குழாய் வேலைக்குப் பின் 10. தரைக்குப் பின் 10. கதவு, வண்ணம் முடித்துச் சாவி கொடுக்கும்போது 5. மீதி 5 சதவீதம் ஆறு மாதம் கழித்து.

"கூரைக்குக் கம்பி வாங்கவே கையில் பணம் வேண்டுமே, அக்கா" என்றார் அந்த நிறுவனத்தின் பொறியாளர். நியாயமான பேச்சு. சிறிய நிறுவனத்தை மூச்சுத் திணற வைத்தால் வேலைதான் கெடும். "கம்பியும் சிமெண்டும் மனைக்கு வந்து இறங்கட்டும் தம்பி, அன்றைக்கே கடைக்காரருக்கு நானே நேராகக் கொடுக்கிறேன், அந்தக் கட்டத் தொகையில் கழித்துக்கொள்ளலாம்" என்றேன். ஒத்துக்கொண்டார். எல்லாப் பணமும் வங்கி வழியாகவே போனது.

விலையேற்றம் பற்றியும் கேட்பார்கள். ஒரேயடியாக மறுக்க வேண்டாம். கையெழுத்து நாளில் சிமெண்ட் மூட்டை என்ன விலை, கம்பி கிலோ என்ன விலை என்று எழுதுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால் மட்டும், மிச்சமுள்ள அளவுக்கு மட்டும், ஏறினாலும் இறங்கினாலும் என்று சேருங்கள். 2025 செப்டம்பரில் சிமெண்டின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஏற்றத்துக்கு மட்டும் எழுதிக்கொண்டவர்களுக்கு அதைப் பற்றிப் பேசவே உரிமை இருந்திருக்காது.

வரியையும் விலை பேசும்போதே தீர்த்துவிடுங்கள். பொருளும் ஆளும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 18 சதவீத வரி உண்டு. தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் விலக்கு. 2,100 ரூபாய்க்குப் பேசி முடித்து, கடைசியில் "ஜி.எஸ்.டி. தனி" என்று சொன்னால் சதுர அடிக்கு 378 ரூபாய் கூடும்; எங்கள் வீட்டுக்கு அது ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

காலமும் பிரிவும்

பத்து மாதம் என்று எழுதினோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேர்த்து இருபது நாள், மழை நாட்கள் தனி. வடமாநிலத்து ஆட்கள் ஊருக்குப் போவது அவர் பொறுப்பு. தாமதமானால் வாரத்துக்கு 2,500 ரூபாய் கழிப்பு. மாத வாடகை 10,000 கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதால் அந்தத் தொகையை யாரும் அதிகம் என்று சொல்ல முடியவில்லை.

தொடர்ந்து 21 நாள் வேலை நின்றால், இருவரும் ஒப்புக்கொண்ட பொறியாளர் செய்த வேலையை அளந்து மதிப்பிடுவார், கணக்கு முடித்து ஒப்பந்தம் முறியும் என்ற வரியையும் சேருங்கள். முதல் வீட்டில் அது இல்லாததால்தான் அந்த இரண்டு மாதமும் வேறு ஆளை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆட்களுக்கான விபத்துக் காப்பீட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு சித்தாள் சாரத்திலிருந்து விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ரெரா சட்டம் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது மனைப்பிரிவும் அடுக்ககமும் விற்பவர்களுக்கானது. உங்கள் சொந்த மனையில் நீங்கள் ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்கு உதவாது. ஆனால் கட்டமைப்புக் குறைக்கு அதில் சொல்லப்படும் ஐந்தாண்டுப் பொறுப்பை நம் ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொள்ளலாம். நான் எழுதினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டிக் கொடுப்பதும் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள்.

இவ்வளவையும் ஒருவர் முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது? இந்தத் தயக்கம் நம் பக்கத்தில் அதிகம். வருகிற ஒப்பந்ததாரர் பெரும்பாலும் சம்பந்தி வீட்டு வழியிலோ, தோட்டத்துப் பக்கத்து வழியிலோ தெரிந்தவராக இருப்பார். "நமக்குள்ளே எழுத்து எதற்கு அம்மிணி, சொல் போதாதா?" என்றார் எங்களுக்கு அவரை அறிமுகம் செய்த பெரியவர். "சொல் போதும்ங்க, மாமா. நமக்கு ஞாபகம்தான் போதாது. பெங்களூரில் இருக்கிற மகளுக்கும் வங்கிக்கும் காட்ட வேண்டும்" என்றேன். அவரே பக்கத்தில் உட்கார்ந்து சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

இத்தனையும் முடிந்த பிறகு விலைக்கு வந்தோம். ஒப்பந்ததாரர் 2,180 கேட்டார். நான் குறைக்கச் சொல்லவில்லை. பட்டியலை விரித்து, மொட்டைமாடிக்கு வெயில் ஓடு வேண்டாம், இரண்டு அறைகளில் மேல்பரண் வேண்டாம் என்று இரண்டு வேலைகளை எடுத்தேன். அவரே கணக்குப் போட்டு 2,100 என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

2023 வைகாசியில் குடிபோனோம். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் தலையறைச் சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஈரம் இறங்கியது. படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை ஏழரைக்கு இரண்டு ஆட்களோடு அந்தப் பொறியாளர் வந்து, அந்த இணைப்பை வெட்டி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கார்த்திகையில் அடுத்த மழையிலும் சுவர் காய்ந்தே இருந்தது. அந்த வாரமே மீதி 1,41,750 ரூபாயை அவர் கணக்கில் செலுத்திவிட்டு, அவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.